தேனைத் துறந்தவர்கள்: ஒரு விலக்கும் அதன் நான்கு காரணங்களும்

(நீண்ட பதிவு. உணவு வரலாற்றிலும் சமய வரலாற்றிலும் ஈடுபாடுள்ள மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதியது.)

வீகன் எனப்படும் நனிசைவ நெறியை மேற்கொண்டோர் பாலையும் நெய்யையும் விலக்குவதற்கான காரணம் இன்று பலருக்கும் ஓரளவு விளங்கிவிட்டது. தேனை விலக்குவதுதான் விளங்குவதில்லை. தேனீயைக் கொல்லாமலே தேன் எடுக்க முடியும்போது அதை ஏன் துறக்க வேண்டும் என்ற வினா உணவு அறம் குறித்த விவாதங்களில் தவறாமல் எழுகிறது. அதற்கு வழக்கமாக இருவகை மறுமொழிகள் வருகின்றன. இது மேலைநாட்டார் அண்மையில் கண்டுபிடித்த நோன்பு என்பது ஒன்று. நம்முடைய பழைய அகிம்சை நெறிதான் புதிய பெயரில் திரும்பி வந்திருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டும் வரலாற்றை எளிமைப்படுத்துகின்றன.

இந்தியாவில் தேனைத் துறந்தவர்கள் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகத் துறக்கவில்லை. ஒருவர் தம் புலனடக்கத்தைக் கருதினார். ஒருவர் அடையில் மடியும் உயிர்களை எண்ணினார். ஒருவர் தேனெடுக்கும் கருவியை மாற்றினால் குற்றம் நீங்கும் என்றார். ஒருவர் தேன் யாருடையது என்று கேட்டார். வெளியிலிருந்து பார்க்கும்போது விலக்கு ஒன்றே. உள்ளே நிற்கும் வினாக்கள் நான்கு. அவற்றைப் பிரித்தறியாமல் ‘பாரம்பரியம்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடும்போது ஒரு தரப்பு முழுவதுமாகப் பார்வையிலிருந்து மறைகிறது. அது தேனெடுப்போரின் தரப்பு. இப்பதிவு எழுதப்படுவது அந்த மறைவைச் சுட்டுவதற்காகவே.

1

தேன் விலக்கு இந்திய மரபின் பொதுவிதியன்று என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வைதிக மரபில் தேன் மங்கலப் பொருள். வீட்டுக்கு வந்த பெருமைக்குரிய விருந்தினருக்குத் தயிரும் நெய்யும் தேனும் கலந்த மதுபர்க்கம் அளிப்பது கிருகிய சூத்திரங்கள் விதிக்கும் வரவேற்பு. பிறந்த குழந்தையின் நாவில் தேனும் நெய்யும் தொட்டு வைப்பது சாதகர்மச் சடங்கின் பகுதி. கோயில்களில் பஞ்சாமிர்தத்தின் ஐந்து பொருள்களில் தேனும் ஒன்று. ஆயுர்வேதத்தில் சரகர் தேனை நான்கு வகையாகவும், சுசுருதர் எட்டு வகையாகவும் பகுத்துக் குணம் கூறுகின்றனர். மருந்தைக் குழைத்துக் கொடுக்கும் அனுபானமாகத் தேன் இல்லாத பண்டைய மருத்துவத்தைக் கற்பனை செய்வதும் கடினம்.

இதே மரபுக்குள் தேனை விலக்கும் விதிகளும் உண்டு. மனுஸ்மிருதி இரண்டு நிலைகளில் உள்ளோருக்குத் தேனைத் தடை செய்கிறது: குருவிடம் பயிலும் பிரமசாரிக்கும், காட்டில் வாழச் சென்ற வானப்பிரஸ்தனுக்கும். இவ்விதி எந்தப் பட்டியலில் இடம்பெறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பிரமசாரிக்குத் தேனோடும் இறைச்சியோடும் சேர்த்து விலக்கப்படுபவை நறுமணப் பொருள், மாலை, சுவைப் பண்டம், பெண்களின் நெருக்கம், ஆடல் பாடல் முதலியன. அந்தப் பட்டியலில் தேன் பெரிதும் ஓர் இன்பப் பொருளாகவே நிற்கிறது. இல்லறத்துக்குள் நுழைந்ததும் அதே மாணவன் தேனுண்ணத் தடையில்லை. விலக்கின் மையத்தில் இருப்பது உண்பவனின் புலன். அடையைக் கட்டிய தேனீ அங்கே பேசப்படுவதே இல்லை.

பௌத்தம் வேறொரு நிலையை எடுத்தது. வினய விதிகளின்படி நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லப்பாகு ஆகிய ஐந்தும் நோயுற்ற துறவி ஏற்கத்தக்க மருந்துகள். அவற்றை ஏழு நாள் வரை வைத்துக்கொள்ளலாம். குரங்கொன்று புத்தருக்குத் தேனடை அளித்த கதை பௌத்தச் சிற்பங்களில் விரும்பிச் செதுக்கப்பட்ட காட்சிகளுள் ஒன்று. கொல்லாமையை முதற்சீலமாகக் கொண்ட ஒரு நெறி தேனைக் கொடைப்பொருளாகவே கண்டது என்பதை மறந்துவிட்டு, அகிம்சை இருக்குமிடமெல்லாம் தேன் விலக்கும் இருக்கும் என்று முடிவு கட்டுவது பிழையாகும்.

2

தேனை அகிம்சையின் பெயரால் முறையாக விலக்கியது சமணமே. சமணம் தேனீயை இழிவாகக் கருதியதில்லை என்பது இங்கே நினைவிற்கொள்ளத்தக்கது. சுவேதாம்பர ஆகமங்களுள் ஒன்றான தசவைகாலிக சூத்திரம் தன் முதல் அதிகாரத்திலேயே துறவிக்குத் தேனீயை முன்மாதிரியாகக் காட்டுகிறது. பூவுக்கு வாட்டம் வராமல் வண்டு சிறிது சிறிதாகத் தேன் கொள்வதைப்போல, ஒரு வீட்டுக்கும் சுமையாகாமல் பல வீடுகளில் சிறிது சிறிதாகத் துறவி உணவு பெற வேண்டும் என்பது அதன் கருத்து. பிச்சை ஏற்கும் முறைக்கு ‘மதுகரி’ என்ற பெயர் இந்திய மொழிகள் பலவற்றில் நிலைத்திருப்பதும் இவ்வுவமையின் வழியேதான். பூவிடம் தேனீ நடந்துகொள்ளும் முறையில் தேனீயிடம் மனிதன் நடந்துகொள்வதில்லை. சமணரின் தேன் விலக்கை விளங்கிக்கொள்ள இந்த முரண் ஒரு நல்ல வாயில்.

இல்லறத்தாருக்கான சமண ஒழுக்க நூல்கள் இவ்விலக்கைச் சட்டமாக்கின. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம் ஐந்து அணுவிரதங்களோடு கள், இறைச்சி, தேன் ஆகிய மூன்றையும் துறத்தலைச் சேர்த்து எட்டு மூலகுணங்கள் என்றது. பின்வந்த ஆசிரியர்கள் பலர் ஐந்து அணுவிரதங்களுக்குப் பதிலாக அத்தி, ஆல், அரசு முதலிய ஐவகை மரங்களின் கனிகளைத் துறப்பதை அந்த எட்டில் சேர்த்தனர். பட்டியல் மாறியபோதும் தேன் மாறவில்லை. சமண இல்லறத்தின் வாயிற்படியிலேயே அது நின்றது.

ஏன் என்ற வினாவுக்கு மிகக் கூர்மையான விடை தந்தவர் ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அமிர்தசந்திரர். அவருடைய புருஷார்த்த சித்தியுபாயம் என்னும் நூல் இம்சையின் இலக்கணத்தை ஆராய்வது. ஒரு துளித் தேனும் பெரும்பாலும் தேனீக்களின் சாவில் விளைவது என்று முதலில் கூறுகிறார். அடுத்து எதிராளியின் வாதத்தைத் தாமே எடுத்துக்கொள்கிறார்: தேனீயைக் கொல்லாமல் ஏதேனும் உபாயத்தால் எடுத்த தேன், அல்லது அடையிலிருந்து தானாகவே சொட்டிய தேன் என்றால்? அப்போதும் இம்சை உண்டு என்கிறார். அந்தத் தேனைப் பற்றுக்கோடாகக் கொண்டு வாழும் நுண்ணுயிர்கள் மடிகின்றன என்பது அவர் காட்டும் காரணம். ‘கொல்லாமலே எடுக்கலாமே’ என்று இன்று நாம் புதிதாகக் கேட்பதாக எண்ணும் வினாவை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எழுப்பி விடையும் கூறியிருக்கிறார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் குசராத்தின் சோலங்கி அரசவையில் செல்வாக்குடன் விளங்கிய ஏமசந்திரர் தம் யோகசாத்திரத்தில் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். கசாப்புக்காரன் கொல்வது சில உயிர்களை. தேனுண்பவனோ எண்ணற்ற சிற்றுயிர்களின் சாவுக்குக் காரணமாகிறான். ஆகவே அவன் கசாப்புக்காரனிலும் கீழானவன் என்பது அவர் வாதம். தேன் பூச்சிகளின் வாயிலிருந்து உமிழப்பட்டது என்ற அருவருப்பையும் அவர் சேர்த்துக்கொள்கிறார். மருந்துக்காக உண்டாலும் நரகமே என்று கதவை அடைக்கிறார். ஒரு துளித் தேனுண்ணும் பாவம் ஏழு ஊர்களைக் கொளுத்திய பாவத்துக்கு ஒப்பு என்று கூறும் அளவுக்கு இடைக்காலச் சமண ஒழுக்க நூல்களின் மொழி கடுமையாகிறது.

மருந்து பற்றிய இந்தக் கண்டிப்பு வெறும் சொல்லாக நின்றுவிடவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த உக்கிராதித்தியர் கல்யாணகாரகம் என்ற மருத்துவ நூலை இயற்றினார். இறைச்சி, கள், தேன் ஆகிய மூன்றையும் நீக்கி மருத்துவத்தை மறுபடி கட்டியெழுப்ப முயன்ற நூல் அது. அனுபானம் என்றாலே தேன் என்றிருந்த ஒரு துறையில் அது எவ்வளவு பெரிய முயற்சி என்பதை மருத்துவ வரலாறு படிப்போர் உணர்வர்.

இரண்டு செய்திகளை இங்கே பிரித்துக் காண வேண்டும். ஒன்று, சமண வாதத்தின் அடித்தளம் உயிர்களின் எண்ணிக்கை. அதே காரணத்தால்தான் வெண்ணெயும் விலக்கப்பட்டது: கடைந்தெடுத்துச் சிறிது நேரம் கழிந்தால் அதில் நுண்ணுயிர் தோன்றும் என்று அவர்கள் கருதினர். பால் விலக்கப்படவில்லை. பசுவின் பாலைக் கன்றுக்கு உரியதை எடுத்ததாக அந்நூல்கள் எண்ணவில்லை. இரண்டாவது, சமணர் உண்பவரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இல்லறத்தார் மேற்கொள்ளக் கூடாத பதினைந்து தொழில்களின் பட்டியலில் ‘இரசவாணிகம்’ ஒன்று. வெண்ணெய், கொழுப்பு, தேன், கள் முதலியவற்றை விற்பது அதில் அடங்கும். தந்தம், தோல் போன்றவற்றை அவை கிடைக்குமிடத்துக்கே சென்று வாங்குவதும் தனியே தடுக்கப்பட்டது. வாங்குபவர் இருப்பதால்தான் கொலை நடக்கிறது என்ற உணர்வு இவ்விதிகளில் தெளிவாக இருக்கிறது. வணிகர்களிடையே செழித்த ஒரு சமயம் வாணிகத்துக்கு இட்ட வரம்பு இது.

3

இத்தனை நுட்பமான சிந்தனையில் தேனெடுப்பவர் எங்கே இருக்கிறார்? இவ்வினாவுக்குத் தமிழ்ச் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியில் ஓர் அரிய காட்சி உண்டு. காட்டு வழியே செல்லும் சீவகன் ஒரு வேடனைச் சந்திக்கிறான். ஊனும் தேனும் கள்ளும் உண்டு உயிர் கொன்ற தீவினையால்தான் இப்பிறப்பில் இழிந்தவராய்ப் பிறந்தீர்கள். இனியேனும் இவற்றை விட்டொழியுங்கள் என்று அறிவுறுத்துகிறான். வேடன் உடனே பணிந்துவிடவில்லை. கள்ளையும் ஊனையும் தேனையும் கைவிட்டு எங்கள் உடம்பை வாட்டுவதற்கு இந்த உடம்பு செய்த பிழைதான் என்ன என்று கேட்கிறான். ஊனுண்டு உடம்பைப் பெருக்கி நரகம் புகுவது நன்றா, உண்ணாமல் உடம்பை வாட்டித் தேவராவது நன்றா என்று சீவகன் திருப்பிக் கேட்க, வேடன் இணங்குகிறான்.

காப்பியத்தின் நோக்கில் இது அறிவுறுத்தலின் வெற்றி. வரலாற்று மாணவர் அவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். தேன் ஊனோடும் கள்ளோடும் ஒரே வரிசையில் வைக்கப்படுகிறது. அதை உண்பது ஒரு மக்கள் கூட்டத்தின் இழிபிறப்புக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அறம் இங்கே படிநிலையின் விளக்கமாகவும் வேலை செய்கிறது. ஆயினும் திருத்தக்கதேவர் வேடனின் வாயை அடைத்துவிடவில்லை. உனக்கு விலக்கு, எனக்கோ அது உடம்பு என்று அவன் கூறியதைக் காப்பியமே பதிவு செய்திருக்கிறது. ஏமசந்திரரின் கணக்கில் இடம்பெறாத ஒரு குரல் இது.

வங்கத்தின் சுந்தரவனக் காடுகளில் இதே தரப்பு தன் கதையைத் தானே சொல்லியிருக்கிறது. அங்கே தேனெடுக்கச் செல்லும் மௌலேக்கள் இந்து, முசுலிம் என்ற வேறுபாடின்றி வனதேவதையான பொன்பீபீயை வணங்கிவிட்டே காட்டுக்குள் நுழைகிறார்கள். அத்தேவதையின் கதையில் தோனா என்ற வணிகன் தேனுக்கும் மெழுகுக்கும் ஆசைப்பட்டு, துக்கே என்ற ஏழைச் சிறுவனைப் புலி வடிவெடுக்கும் தக்கிண ராயனுக்குப் பலியாக விட்டுவிட்டுத் திரும்புகிறான். தாய் சொல்லியனுப்பியபடி சிறுவன் கூவியழைக்க, பொன்பீபீ வந்து காக்கிறாள். பேராசையின்றி வேண்டிய அளவே எடுக்க வேண்டும் என்பது அக்கதை விட்டுச்செல்லும் விதி. சமண ஆசிரியர்கள் ஒரு துளித் தேனில் எத்தனை பூச்சிகளின் உயிர் என்று எண்ணினார்கள். சுந்தரவனக் கதை ஒரு படகுத் தேனில் எந்த ஏழையின் உயிர் என்று கேட்கிறது. ஆண்டுதோறும் கோடைத் தொடக்கத்தில் புலிகள் உலவும் அக்காட்டுக்குள் நுழைவோருக்கு இது வெறும் பழங்கதையன்று.

4

பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை தேன் குறித்த விவாதம் முழுவதும் ஒரு தொழில்நுட்ப உண்மையின் மேல் நின்றது. அடையைப் பிழியாமல் தேன் இல்லை. பிழியும்போது தேனோடு முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் நசுங்கும். தீப்பந்தமும் புகையும் வளர்ந்த தேனீக்களையும் கொல்லும். அமெரிக்காவில் இலாங்குசுதுராத்து 1852இல் காப்புரிமை பெற்ற, சட்டங்களைக் கழற்றியெடுக்கக்கூடிய பெட்டியும், 1865இல் உறுசுக்கா அறிமுகப்படுத்திய சுழல்விசைக் கருவியும் இந்நிலையை மாற்றின. அடையைச் சட்டத்தோடு எடுத்துச் சுழற்றித் தேனை மட்டும் தெறிக்கச் செய்து, வெற்றடையைத் தேனீக்களிடமே திருப்பி வைக்க முடிந்தது.

இந்தியத் தேனீ உருவில் சிறியது. ஐரோப்பியத் தேனீக்கு அமைந்த பெட்டி அதற்குப் பெரிது. திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியைச் சேர்ந்த நியூட்டன் அடிகளார் 1911 முதல் 1917 வரையான ஆண்டுகளில் இந்தியத் தேனீக்கேற்ற சிறிய பெட்டியை வடிவமைத்து, தென்னிந்திய ஊர்களில் பலருக்குப் பயிற்சி அளித்தார். அப்பெட்டி இன்றும் நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. பின்னர் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஊரகச் சீரமைப்புப் பணியோடு தேனீ வளர்ப்பு சிறு உழவர்களின் துணைத்தொழிலாக வேரூன்றியது.

இக்கருவி மாற்றத்துக்கு அறப்பொருள் ஏற்றியவர்கள் காந்தியும் அவர் வழிவந்தோரும். காந்தி சமணச் சூழல் மிகுந்த கத்தியவாரில் பிறந்தவர். சமணச் சிந்தனையாளர் இராயசந்திரரைத் தம் ஆன்மிக வழிகாட்டிகளுள் ஒருவராகக் கருதியவர். 1912இல் தென்னாப்பிரிக்காவில் பாலைத் துறந்தார். கடும் நோய்க்குப்பின் ஆட்டுப்பாலை ஏற்றபோது, சபதத்தின் சொல்லைக் காத்து அதன் உயிரை விட்டுவிட்டதாகத் தன்வரலாற்றில் வருந்தி எழுதினார். தேன் விலக்கையோ அவர் கைக்கொள்ளவில்லை. எலுமிச்சைச் சாறும் தேனும் கலந்த நீர் அவருடைய அன்றாடப் பழக்கம். 1934இல் தொடங்கப்பட்ட, ஜே.சி. குமரப்பா செயலாளராக இருந்து நடத்திய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தன் தொழில்களுள் ஒன்றாகத் தேனீ வளர்ப்பையும் சேர்த்துக்கொண்டது. பெட்டியில் வளர்த்துக் கருவியால் எடுத்த தேனை ‘அகிம்சைத் தேன்’ என்று வழங்கும் வழக்கம் காந்தியச் சூழலில் பரவியது. விடுதலைக்குப்பின் காதி கிராமத் தொழில் ஆணையம் இம்மரபைத் தொடர்ந்தது. 1962இல் புனேயில் மத்தியத் தேனீ ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் அமைந்தது.

காந்திய விடை அமிர்தசந்திரரின் வாதத்துக்கு மறுமொழியாகுமா? ஆகாது. தானே சொட்டிய தேனையும் அவர் விலக்கியவர். எந்தச் சுழல்விசைக் கருவியும் அந்த நுண்ணுயிர்க் கணக்கை மாற்றாது. காந்தியர்கள் வேறொரு வினாவுக்கு விடையளித்தார்கள். கொலையைக் குறைத்து, ஊர்ப்புறத்து ஏழைக்கு வருவாய் கிடைக்கச் செய்ய முடியுமா என்பதே அவர்களுடைய வினா. தேனெடுப்பவரின் பிழைப்பை அறக்கணக்கின் நடுவில் வைத்தது இவர்களுடைய தனிச்சிறப்பு. அதற்காக அவர்கள் கேட்காமல் விட்ட வினாவும் ஒன்று உண்டு. தேனீயை வளர்ப்புப் பொருளாக்கும் உரிமை நமக்கு உண்டா என்பது அது.

5

அந்த வினாவை முன்வைத்தது நனிசைவம். 1944 நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் தோழர்களும் வீகன் சங்கத்தைத் தொடங்கினர். பால், முட்டை பற்றிய விவாதத்தை 1847இல் தோன்றிய பழைய சைவ உணவுச் சங்கம் ஏற்க மறுத்ததன் விளைவாகவே இப்பிரிவு நேர்ந்தது. ஆங்கிலத்தில் சைவ உணவினரைக் குறிக்கும் ‘வெஜிடேரியன்’ என்ற சொல்லின் தலையையும் வாலையும் இணைத்து ‘வீகன்’ என்ற பெயர் உருவாயிற்று. சங்கத்தின் தொடக்ககால நோக்க உரையிலேயே இறைச்சி, மீன், முட்டை, பால், வெண்ணெய் ஆகியவற்றோடு தேனும் விலக்கு என்று குறிக்கப்பட்டது. 1951 அளவில் லெசுலி கிராசு இந்நெறிக்குக் கொள்கை வடிவம் கொடுத்தார்: மனிதன் பிற விலங்குகளைச் சுரண்டாமல் வாழ வேண்டும் என்பது அதன் சாரம். உணவுப் பட்டியலாக இருந்தது உரிமைக் கோட்பாடாக மாறியது அப்போதுதான்.

தேனுக்கு இக்கோட்பாட்டைப் பொருத்திப் பார்த்தால் வாதம் பின்வருமாறு விரியும். நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேலும் நீர் இருக்கக்கூடிய பூந்தேனை வயிற்றுப்பையில் சுமந்து வந்து, நொதி சேர்த்து, சிறகால் விசிறி, நீரை இருபது பங்குக்கும் கீழே கொண்டுவந்து அறைகளில் அடைத்து வைக்கிறது தேனீ. மழைக்காலத்துக்கும் பூவற்ற காலத்துக்குமான அதன் சேமிப்பு அது. வளர்ப்பவர் அதை எடுத்துக்கொண்டு பஞ்ச காலத்தில் சருக்கரைப் பாகு வைக்கிறார். கூட்டம் பிரிந்து பறந்துவிடாதிருக்க இராணித் தேனீயின் சிறகு நறுக்கப்படுவதுண்டு; விளைச்சல் குறைந்ததும் இராணி மாற்றப்படுவதுண்டு; பெருவணிக வளர்ப்பில் செயற்கைக் கருவூட்டலும் உண்டு. கூட்டங்களை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்வது நோயையும் உடன் கொண்டுசெல்லக்கூடும். 1991–92இல் தென்னிந்தியாவில் பரவிய தாய்லாந்துப் பைப்புழு நச்சுயிரி இந்தியத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும்பகுதியை அழித்து, தேனீ வளர்ப்போரையும் வறுமையில் தள்ளியது. அடர்த்தியாக வளர்க்கப்படும் உயிரினம் நோய்க்கு எவ்வளவு எளிதில் இரையாகும் என்பதற்கு அது நம் கண்முன் நடந்த சான்று. ஒரு தேனீயும் சாகாமல் எடுத்த தேனாயினும் அது பிறர் உழைப்பின் சேமிப்பு, கேட்டுப் பெற்றதன்று. நனிசைவரின் வாதம் இங்கேதான் நிலைகொள்கிறது.

சமணருக்கும் நனிசைவருக்கும் உள்ள வேறுபாடு இப்போது தெளிவாகும். இருவரும் ‘அகிம்சைத் தேனை’ ஏற்பதில்லை. சமணர் ஏற்காதது அதில் இன்னும் உயிர்கள் மடிகின்றன என்பதால். நனிசைவர் ஏற்காதது ஓருயிரும் மடியாவிட்டாலும் அது எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதால். சமணரின் வாதம் பாலைத் தொடவில்லை. நனிசைவரின் வாதம் பாலிலிருந்தே தொடங்குகிறது. அண்மைக் காலத்தில் சமண இளைஞர்கள் சிலர் பாலையும் துறக்க வேண்டும் என்று தம் சமூகத்துக்குள் வாதிடும்போது, பழைய விதியை மட்டும் அவர்கள் நீட்டவில்லை. உரிமை என்ற புதிய அளவுகோலையும் உள்ளே கொண்டுவருகிறார்கள்.

வேறுபாடு இருப்பதால் தொடர்பு இல்லை என்றும் ஆகாது. அமெரிக்க வீகன் சங்கத்தை 1960இல் நியூ ஜெர்சியில் நிறுவிய ஜெய் தின்ஷா, பம்பாயில் பிறந்த பார்சி ஒருவரின் மகன். அவர் நடத்திய இதழின் பெயர் ‘அகிம்சா’. அச்சொல்லின் ஆறு ஆங்கில எழுத்துகளையும் ஆறு கொள்கைகளாக விரித்து அவர் நனிசைவத்துக்கு ஒரு நெறிவிளக்கம் தந்தார். இந்தியச் சொல் அமெரிக்காவில் புதுப்பொருள் ஏற்று மறுபடி இந்தியாவுக்கு வந்திருக்கிறது. இறக்குமதி என்போரும் தொன்மை என்போரும் இந்தப் போக்குவரவின் ஒரு பாதியை மட்டுமே காண்கிறார்கள்.

6

இன்றைய இந்தியச் சட்டம் இக்குழப்பத்தின் நேர்த்தியான ஆவணம். பொட்டல உணவுகளில் பச்சைப் புள்ளியும் பழுப்புக் குறியும் இடுவதற்கான விதிகள் விலங்குவழிப் பொருள்களை அசைவம் என வரையறுத்து, பாலுக்கு மட்டும் விலக்களித்திருந்தன. 2020இன் விவரச்சீட்டு விதிமுறைகள் அவ்விலக்கில் தேனையும் தேன்மெழுகையும் அரக்கையும் வெளிப்படையாகச் சேர்த்தன. எனவே சட்டப்படி தேன் சைவம். 2022இல் நனிசைவ உணவுகளுக்கெனத் தனி விதிமுறைகள் வந்தன. விலங்குவழிப் பொருள் எதுவும் எந்நிலையிலும் சேராதது என்பது அவற்றின் வரையறை. அதன்படி தேன் நனிசைவமன்று. ஏமசந்திரர் கசாப்பிலும் கொடிதென்ற பொருளுக்கு இன்றைய அரசு பச்சைப் புள்ளி வழங்குகிறது. பெரும்பான்மைச் சைவ உணவினரின் மரபும் சமண மரபும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ‘இந்தியச் சைவ உணவு மரபு’ என்று ஒருமையில் எழுதும் ஆய்வேடுகள் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் தேனைச் சிறு வனமகசூல்களுள் ஒன்றாகக் குறித்து, அதைச் சேகரிக்கவும் விற்கவும் காடுவாழ் மக்களுக்கு உரிமை அளிக்கிறது. நல்லமலையின் செஞ்சுக்களும், நீலகிரியின் குறும்பர், காட்டுநாயக்கரும், சுந்தரவனத்து மௌலேக்களும் இச்சட்டத்தின் கண்ணில் உரிமையாளர்கள். இவர்கள் எடுப்பது பெரும்பாலும் மலைத்தேன். மலைத்தேனீ பெட்டியில் அடங்காதது. பாறையிலும் உயர்ந்த மரக்கிளையிலும் திறந்தவெளியில் ஒற்றை அடை கட்டுவது. புழுவிருக்கும் பகுதியை விட்டுவிட்டுத் தேன் நிறைந்த பகுதியை மட்டும் அறுத்தெடுக்கும் முறை பல இடங்களில் இன்று பயிற்றுவிக்கப்படுகிறது. கொலையைக் குறைப்பதில் அது பெரிய முன்னேற்றம். ஆயினும் ஏமசந்திரரும் அதை ஏற்கமாட்டார். லெசுலி கிராசும் ஏற்கமாட்டார்.

என் நிலைப்பாட்டைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். நனிசைவரின் தேன் விலக்கு தருக்க ஒழுங்குடையது; அதைக் கேலி செய்வோர் அதன் வாதத்தை எதிர்கொள்வதில்லை. அதேவேளையில் அவ்விலக்குக்கு ‘நம் தொன்மை’ என்ற மணிமுடியைச் சூட்டுவோர், அத்தொன்மையோடு சேர்ந்து வரும் பிறப்பு இழிவு என்ற சுமையையும் தம்மையறியாமல் தூக்கிக்கொள்கிறார்கள். நகரத்தில் வெல்லமும் சருக்கரையும் தாராளமாகக் கிடைக்கும் ஒருவர் தேனைத் துறப்பதும், ஆண்டின் ரொக்க வருவாய்க்குத் தேனையே நம்பியிருப்பவரை அதைத் துறக்கச் சொல்வதும் ஒரே அறச்செயல் அல்ல. தேன் யாருடையது என்று தேனீயின் சார்பில் கேட்பவர், அந்தக் காடு யாருடையது என்று அங்கே வாழ்வோரின் சார்பிலும் கேட்கக் கடமைப்பட்டவர். இவ்விரு வினாக்களையும் ஒருங்கே தாங்கும் ஓர் அகிம்சைக் கோட்பாட்டை நாம் இன்னும் முழுமையாக எழுதவில்லை. சிந்தாமணி வேடனின் கேள்விக்கு நரகத்தைக் காட்டித்தான் விடையளிக்கப்பட்டது, தருக்கத்தால் விடையளிக்கப்படவில்லை. அது இன்னும் நிலுவையில் இருக்கிறது.

இத்துறையில் ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிராகிருத, சமற்கிருத ஒழுக்க நூல்களில் தேன் விலக்கு குறித்துப் போதிய ஆய்வு உண்டு. தேனெடுக்கும் சமூகங்கள் தாமே வகுத்துக்கொண்ட விலக்குகள் பற்றி இன்னும் நிறைய எழுதப்பட வேண்டும். எந்த அடையைத் தொடக்கூடாது, எவ்வளவை விட்டுவர வேண்டும், எந்த நாளில் மரமேறக் கூடாது என்பனவும் உணவு அறத்தின் நூல்களே. அவை ஏட்டில் எழுதப்படாதவை, அவ்வளவுதான். மாற்றுக் கருத்துள்ளோர் சான்றுகளோடு எழுதினால் உரையாடலைத் தொடர்வோம்.